நெவில் அடைத்த ஓட்டை

நெவில் ட்ரெம்பாத் ஒரு பிளம்பர் என்று சிடூனா கடற்கரையில் வீட்டு வண்டிகள் நிற்கும் கேரவன் பூங்கா மொத்தமும் நம்பிக்கொண்டிருந்தது. நெவில் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. "குழாய் லைன்ல முப்பத்தஞ்சு வருஷம்" என்று மட்டுமே சொன்னார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. கிழக்கே தன் ஊரான பெண்டிகோவில் குழாய்ச் சாமான் விற்கும் கடையில் கவுண்டருக்குப் பின்னால் அத்தனை வருடமும் நின்றவர்தான் அவர். எந்த வாஷர் எந்த இழுப்பறையில் கிடக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார். அந்த வாஷரைக் குழாயில் மாட்டிக் காட்டச் சொன்னால் மட்டும், நல்ல ஆளாக ஒருத்தரை அனுப்பி வைப்பார்.

கேரவன்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து இடத்துக்குப் புது வண்டி வந்து நின்றால், சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதற்கு முன்பே, "இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தே?" என்று கேட்டுவிடுவார்கள். கடையில் நின்றேன் என்று சொன்னால், "ஓ, நல்லது" என்று தலையாட்டிவிட்டு நாயை நடத்தக் கூட்டிப் போய்விடுவார்கள். குழாய் லைன் என்று சொன்னால் நாற்காலி இழுத்துப் போடுவார்கள். நெவிலுக்கு அந்த நாற்காலி பிடித்திருந்தது.

அப்பேர்ப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் சொந்தக் கேரவன்தான் ஒழுகியது.

வாங்கி ஒரு பருவம்கூட முடியாத வண்டி. உள்ளே புது பிளைவுட் வாசனை இன்னும் போகவில்லை. கண்டத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத்தான் வீடு என்று, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நெவிலும் மனைவி ராஸும் கிளம்பியிருந்தார்கள். போர்ட் அகஸ்டாவில் முதல் குளிர்கால மழை. காலையில் ராஸ் கட்டிலுக்கு மேலே இருந்த அலமாரியைத் திறந்தாள். பிஸ்கட் பொட்டலம் கஞ்சியாகியிருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். வாரண்டிப் பிரிவில் ஒரு இளைஞன் இனிமையாகப் பேசினான். அந்தக் கடலோரம் முழுக்கத் தங்கள் சார்பில் பழுது பார்க்க ஒரு பெண் சுற்றி வருகிறாள், பெயர் ஷெல்லி, இன்னும் சில நாளில் சிடூனா வருவாள், அங்கே போய்க் காத்திருங்கள் என்றான். "அதுவரைக்கும் நீங்களா எதுலயும் கை வெச்சிராதீங்க. கை வெச்சா வாரண்டி போயிரும்."

ராஸ் போனை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"காதுல விழுந்துச்சா?"

"எனக்கென்ன கிறுக்கா? நான் ஏன் தொடப் போறேன்?"

"நெவ்."

"தொட மாட்டேன்னா தொட மாட்டேன். உன் மேல சத்தியம்."

"என் மேல எல்லாம் வேணாம். உன் தூண்டில் மேல பண்ணு."

நெவில் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் செய்தார்.

சிடூனாவில் இவர்களைப்போல மேற்கே போகிறவர்கள் எல்லாரும் இரண்டு நாள் தங்கித் தண்ணீர், டீசல் நிரப்பிக்கொண்டு மரமே இல்லாமல் நேர்க்கோடாகச் சாலை ஓடும் நல்லார்பார் சமவெளியில் இறங்குவார்கள். இவர்கள் இரண்டு நாளைத் தாண்டித் தங்கினார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் பூங்காவில் சபை கூடும். மடக்கு நாற்காலி, அவரவர் குடிக்கும் அவரவர் புட்டி, யாராவது வாங்கிவந்த சிப்பி. நெவிலின் ஒழுகலைப் பற்றிய விசாரணைதான் தினமும் முதல் விஷயம்.

"கூரைச் சன்னல்தான். எப்பவுமே கூரைச் சன்னல்தான்" என்பார் மெர்வ். குயின்ஸ்லாந்துக்காரர். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் காலம் தள்ளியவர்.

"ஆண்டெனா அடியில பாருப்பா. அங்கதான் எல்லாப் பயலும் கோட்டை விடுவான்" என்பார் லயல். டாஸ்மேனியாவில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க" என்பாள் குவெண்டா. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், ஒரு குட்டி நாயோடு தனியாகச் சுற்றுகிறவள். "பிளம்பரே இங்க உக்காந்திருக்காரு. அவர் சொல்லட்டும்."

எல்லாரும் நெவிலைப் பார்ப்பார்கள். நெவில் கடலைப் பார்ப்பார்.

"தண்ணி இருக்கே தண்ணி... அது நுழையிற இடம் ஒண்ணு, சொட்டுற இடம் ஒண்ணு."

இது கவுண்டரில் ஒரு நிஜ பிளம்பர் சொல்லிக் கேட்டது. சபை மௌனமாகத் தலையாட்டும். ராஸுக்கு மட்டும் ஒயின் புரையேறும்.

"அப்ப நீயே பத்து நிமிஷத்துல அடைச்சிரலாமேப்பா?"

"வாரண்டி" என்பார் நெவில்.

"ஆமா ஆமா. வாரண்டி" என்று எல்லாரும், குடும்பத்தில் யாருக்கோ இருக்கும் வியாதியைப்போல அந்தச் சொல்லைச் சொல்லி அடங்குவார்கள்.

அடங்கினார்கள் என்றுதான் நெவில் நினைத்தார்.

அடுத்த மழையன்று ராஸ் துண்டும் சோப்புமாகப் பொதுக் குளியலறைக்குப் போயிருந்தாள். மெர்வ் பூனை நடையில் வந்தார். கையில் சிலிகான் பசை பிதுக்கும் துப்பாக்கி.

"இந்தா. கண்ணாடி மாதிரி நிறம், போட்டா போட்டதே தெரியாது. என்னை மாதிரி ஆளு போட்டா அசிங்கமா இருக்கும். உன்னை மாதிரி கைதேர்ந்தவன் போட்டா, கம்பெனிக்காரனே தான் போட்டதுன்னு நெனப்பான்."

கைதேர்ந்தவன். அந்த ஒரு சொல்லுக்கு நெவில் விழுந்தார். தூண்டிலை நினைத்துப் பார்த்தார், அது வண்டிக்கு மறுபக்கம் இருந்தது, இவர் செய்வதைப் பார்க்கவில்லை.

வண்டியின் முன்பக்கம் போய் நின்று மழையில் உற்றுப் பார்த்தார். முன் சன்னல் சட்டத்தின் அடியில், நகக்கண் அளவுக்கு ஒரு கீறல். அதிலிருந்து தண்ணீர் மெலிதாக வடிந்துகொண்டிருந்தது. தண்ணீர் வருகிறது, ஆகவே இதுதான் ஓட்டை. ஒரு சபையே கூடிக் கண்டுபிடிக்காததைத் தனி ஆளாகக் கண்டுபிடித்துவிட்டார். கீறலைத் துடைத்தார், சிலிகானை ஏற்றினார், எச்சில் தொட்ட விரலால் நீவிவிட்டார். அத்தனை வருடம் அடுத்தவர் கைக்கு எடுத்துக் கொடுத்த சாமானை முதன்முதலாகத் தன் கையால் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடப் பையன் தன் ஓவியத்தைப் பார்ப்பதுபோல இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். தேங்கிய தண்ணீரில் காலை வைத்ததுகூடத் தெரியவில்லை.

மறுநாள் மதியம் நல்ல மழை. ராஸ் சாய்ந்து படுத்துக் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அதுவரைக்கும் அலமாரிக்குள் பிஸ்கட்டோடு நின்றிருந்த தண்ணீர், இப்போது சுவருக்குள்ளாக நடந்து, விளக்கு மாட்டிய இடத்தில் வெளியேறி, நேராக அவள் காதுக்குள் விழுந்தது. ஒரு சொட்டு இல்லை. ஒழுங்கான ஒரு கோடு.

ராஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் நெவில் தைரியமாக இருந்திருப்பார். அவள் எழுந்து, தலையணையைப் பிழிந்து, காதைத் துடைத்து, நிதானமாகப் பேசினாள்.

"இங்க பாரு நெவ். ஷெல்லி வருவா. பார்ப்பா. கம்பெனி ஏத்துக்கிட்டு சரி பண்ணிக் குடுத்தா மேற்க போவோம். ஏத்துக்கலேன்னா வண்டிய கிழக்க திருப்பு. பெண்டிகோவுல என் தங்கச்சி ஐலீன் வீட்டுப் பின்கட்டு காலியாத்தான் கிடக்கு. ஒழுகுற டப்பாவோட ஊர் ஊரா ஆள் தேடி அலைய எனக்கு வயசு பத்தாது. இல்ல, ரொம்ப அதிகம்."

நல்லார்பார் தாண்டுகிறவர்களுக்குக் குடிநீர் பிடிக்கும் ரப்பர் குழாயை அளந்து வெட்டிக் கொடுத்தே ஆயுளில் பாதியைக் கழித்தவர் நெவில். 'போய்ட்டு வந்து சொல்றேன் நெவில்' என்று போனவர்கள் எல்லாரும் வந்து சொன்னார்கள். ஒருத்தரும் சுருக்கமாகச் சொன்னதில்லை. அந்த நேர்க்கோட்டுச் சாலையை அவர் இதுவரை மற்றவர்கள் வாயில்தான் பார்த்திருந்தார்.

ஷெல்லி வந்தாள். முப்பது வயசு இருக்கும். காதில் பென்சில், வேனில் ஏணி. நாலு மணி ஆகாமலேயே சபை நாற்காலிகளோடு வந்து வண்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. அவள் ஏணியில் ஏறிக் கூரையைப் பார்த்தாள். அப்புறம் மேலேயிருந்து கேட்டாள்:

"இங்க யாரு கேக்குக்கு கிரீம் வெச்சது?"

"என்ன கிரீம்?" என்றாள் ராஸ்.

"கூரைச் சன்னலைச் சுத்தி வெள்ளை சிலிகான். ஆண்டெனா அடியில சாம்பல். மூலையெல்லாம் கருப்பு. மூணு நிறம், மூணு கைவேலை."

ராஸ் மெதுவாக நெவில் பக்கம் திரும்பினாள்.

"நான் இல்ல!" என்றார் நெவில். இதில் அவர் நிஜமாகவே நிரபராதி. அதனாலேயே குரல் குற்றவாளியைப்போல ஒலித்தது. "ராஸ், நான் கூரைக்கே போகல! ஏணியே நம்மகிட்ட கிடையாது!"

மெர்வ் தொண்டையைச் செருமினார். "வெள்ளை... என்னுது. நீங்க ரெண்டு பேரும் மீன் பிடிக்கப் போயிருந்தீங்க. சும்மா ஒரு சுத்து சுத்தினேன்."

"சாம்பல் நான்" என்றார் லயல்.

"முட்டி வலின்னு நாற்காலிய எடுத்து வைக்கக்கூட என்னைத்தான்யா கூப்பிடுவே! நீ கூரை ஏறுனியா?" என்றார் மெர்வ்.

"நல்ல காரியம்னா முட்டி ஒத்துழைக்கும்."

எல்லாரும் குவெண்டாவைப் பார்த்தார்கள். அவள் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். "என்ன பார்க்கிறீங்க? பாவம், ராஸ் தலையணைய வெயில்ல காய வெச்சிட்டிருந்தா. மனசு கேக்கல. கருப்புதான் இருந்துச்சு, போட்டேன்."

ஷெல்லி இறங்கி வந்து வேலையைத் தொடங்கினாள். சன்னல், கதவு எல்லாம் மூடி, கூரைத் திறப்பில் ஒரு காற்றூதியை மாட்டி, வண்டிக்குள் காற்றை ஏற்றினாள். பிறகு வெளிப்பக்கமெல்லாம் சோப்புத் தண்ணீரைத் தெளித்தாள். எங்கே ஓட்டையோ அங்கே காற்று வெளியே வந்து குமிழி கட்டும். வெள்ளைப் பக்கம் ஒரு குமிழிகூட இல்லை. சாம்பல், கருப்பு, எங்கும் இல்லை.

"இங்கெல்லாம் இப்பவும் ஓட்டை இல்ல, எப்பவும் இருந்ததில்ல" என்றாள் ஷெல்லி. மூன்று நிபுணர்களும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

கூரையோரத்தில், நிழலுக்கு இழுத்துக் கட்டும் பந்தல் துணியை மாட்டும் அலுமினியப் பட்டையின் முன்நுனியில் சோப்பு பட்டதுதான் தாமதம், பியர் பொங்குவதுபோலக் குமிழி பொங்கியது. ஷெல்லி பட்டையின் மூடியைக் கழற்றிக் காட்டினாள். வரிசையாகத் திருகாணி. கடைசி இரண்டுக்கு அடியில் பசையே இல்லை.

"கம்பெனியில மாட்டினவன் மறந்துட்டான். அவங்க தப்புதான், சந்தேகமே இல்ல."

சபை கைதட்டியது. ராஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நெவில் பார்த்துப் பல நாளாயிற்று. முழுசாகப் பார்ப்பதற்குள் ஷெல்லி குனிந்து முன் சன்னலுக்கு அடியில் விரலை வைத்தாள்.

"இது யாரோடது? கண்ணாடி நிறம். அழகா வேற நீவிவிட்டிருக்கு."

மெர்வ் வானத்தைப் பார்த்தார்.

"இது ஓட்டை இல்ல, வடிகால். உள்ள வந்த தண்ணி வெளிய போறதுக்குன்னே விட்ட வழி. மேல திருகாணி வழியா வந்தது பாதிக்கு மேல இது வழியா போயிட்டிருந்திருக்கும். இதை அடைச்சதும் போக வழியில்லாம திரும்பி உள்ள..." ஷெல்லி சுவருக்கு அப்பால் கட்டில் இருக்கும் இடத்தைக் காட்டினாள்.

ராஸின் கை தானாகக் காதுக்குப் போனது.

"நெவ்."

"ம்."

"தூண்டில எடுத்துக் குவெண்டாகிட்ட குடுத்துரு."

ஷெல்லி கம்பெனிக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். அதே இனிமையான இளைஞன். நடந்ததைக் கேட்டுக்கொண்டான். "கூரையில பூசினதெல்லாம் பரவால்ல, அதனால எந்தக் கெடுதலும் இல்ல. அந்த வடிகால்தான் சிக்கல். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அதை அடைச்சவர் தொழில் தெரிஞ்சவரா? லைசென்ஸ் உள்ள ஆள் கை வெச்சிருந்தா அதுக்கப்புறம் வந்த தண்ணிக்கெல்லாம் அவருதான் பொறுப்பு, நாங்க எதையும் ஏத்துக்க முடியாது. ஒண்ணும் தெரியாத ஓனர் ஏதோ ஆர்வத்துல பண்ணியிருந்தா, எச்சரிச்சிட்டு மொத்தத்தையும் சரி பண்ணிக் குடுத்துருவோம்."

மெர்வுக்கு நண்பனின் மானம் போவதைப் பொறுக்க முடியவில்லை. போனுக்கு மேல் குனிந்து, பாசம் பொங்கக் கத்தினார்:

"தம்பி! ஒண்ணும் தெரியாதவன்னு யாரைப் பார்த்துச் சொல்றே? எங்க நெவில் முப்பத்தஞ்சு வருஷ பிளம்பர் தெரியுமா!"

போன் ஒரு நிமிடம் மூச்சுவிட்டது. "பிளம்பரா?"

எல்லா நாற்காலிகளும் நெவிலைப் பார்த்தன. ஆமாம் என்றால் போதும், நாற்காலி இருக்கும், மேற்கு இருக்காது. ராஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு உண்மை தெரியும். ஒரு வாக்கியம் அவள் சொன்னால் முடிந்தது. சொல்லவில்லை.

நெவில் போன் பக்கம் ஓரடி வைத்தார்.

"பிளம்பர் இல்ல."

"என்ன? சரியா கேக்கல."

"நான் பிளம்பர் இல்ல. குழாய் வித்தேன். கடையில. கவுண்டர்ல நின்னு வித்தேன்."

"அப்ப நீங்களே கையால மாட்டி, அடைச்சு..."

"செஞ்சதே கிடையாது. இதுதான் முதல் தடவை" என்றார் நெவில். பிறகு, விட்ட மானத்தில் மிச்சம் எதையாவது பிடித்துக்கொள்ள, "அழகா நீவிவிட்டிருந்தேன்" என்றார்.

யாரோ களுக்கென்றார்கள். அப்போதுதான் ராஸ் கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு போன் பக்கத்தில் வந்தாள்.

"தம்பி, நான் இவரு பெண்டாட்டி பேசறேன். உங்களுக்குச் சந்தேகமே வேணாம். எங்க வீட்டுக் குளியலறையில ஷவர் மாட்டினது யாருன்னு கேளுங்க. எதிர் வீட்டு பாட்டு டீச்சர். இவரு டார்ச் பிடிச்சாரு. அதையும் அவங்க கண்ணுல பிடிச்சாரு. கடையில இருந்து டிஸ்கவுண்ட்ல கொண்டுவந்த குழாய் மட்டும் எங்க கராஜ்ல ஒரு டஜன் இருக்கு, ஒண்ணுகூட சுவத்தைப் பார்த்ததில்ல. ஒண்ணும் தெரியாதவரு வேணும்னா இவரைவிட நல்ல ஆள் இந்தக் கண்டத்துலயே கிடைக்க மாட்டாரு."

இளைஞன் சிரிப்பை அடக்கத் தனி முயற்சி எடுத்தது எல்லாருக்கும் கேட்டது. "ஷெல்லி, வேலைய ஆரம்பிச்சிருங்க. எங்க செலவுதான்."

ஷெல்லி கத்தி முனையால் கண்ணாடிச் சிலிகானை நெம்பி எடுத்தாள். அதற்குப் பின்னால் இத்தனை நாள் அடைபட்டுக் கிடந்த தண்ணீர் ஒரே பீச்சலில் வந்து நெவிலின் ஆட்டுத்தோல் பூட்ஸில் இறங்கியது. நகர்வதற்கு அவருக்குத் தோன்றவில்லை. நியாயம்தான் என்று நின்றார்.

அன்று நாலு மணிக்கு அவர் சபைக்குப் போகவில்லை. தலைவலி என்று உள்ளேயே உட்கார்ந்து ஈர பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டிருந்தார். வெளியே அவர்கள் சிரிப்பது கேட்கும்போதெல்லாம் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தார். சரியாகத்தான் நினைத்தார்.

கதவு தட்டப்பட்டது. மெர்வ்.

"உள்ள என்னய்யா பண்றே, கடைக்காரரே?"

"தலைவலி."

மெர்வ் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ராஸ் இல்லை என்று தெரிந்ததும் படியில் உட்கார்ந்தார். "நான் கொட்டகைல இருந்தேன்னு சொன்னேன்ல? ஆடு கத்தரிச்சேன்னு எப்பவாவது சொன்னேனா?"

நெவில் யோசித்தார். "இல்ல."

"சமைச்சேன்யா. அறுபது பேருக்குக் குழம்பு. ஆட்டைப் பார்த்தா எனக்குப் பயம். வெட்டினப்புறம் பார்த்தாத்தான் தைரியம்." அவர் எழுந்து, கால்சட்டையைத் தட்டினார். "இதை வெளிய சொன்னே, உன் கூரைல மறுபடி ஏறிருவேன். வா. உன் நாற்காலில லயல் காலை நீட்டிட்டிருக்கான்."

நெவில் வெறுங்காலோடு போனார். பேர் மாறியதைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை. குவெண்டா அவரிடம், "கடைக்காரரே, கருப்பு சிலிகான் நல்லதா வெள்ளையா?" என்று கேட்டாள். "உங்க கையில எதுவும் நல்லதில்ல" என்றார் நெவில். சபை அதற்கு லயலின் சிப்பியில் ஒன்றை அவருக்குக் கொடுத்தது.

ஷெல்லி வேலையை முடித்து, பசை இறுகட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனாள். பசை இறுகிய பிறகு மழை வந்தது. அழைக்காமலே எல்லாரும் வண்டிக்குள் ஏறிவிட்டார்கள். கட்டில் மேல் மெர்வ், மேசை மேல் குவெண்டா, மடியில் நாய், கழுவுதொட்டியில் சாய்ந்து லயல். ஏதோ விமானம் வரப்போகிறதுபோல எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டு, மூச்சுவிடாமல். நெவிலின் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது.

"போச்சு" என்றார் நெவில்.

ராஸ் நிமிர்ந்து கூரையைத் தடவினாள். காய்ந்திருந்தது. பக்கத்தில் பார்த்தாள். "லயல், அந்தத் தொப்பியக் கழட்டு."

அதற்குப் பிறகு மழை ஓயும்வரைக்கும் ஒன்றும் விழவில்லை. ஓய்ந்ததும் ராஸ் எல்லாரையும் கீழே இறக்கிவிட்டாள். பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு நார்ஃபோக் பைன் மரத்தடியில் போய் நின்றாள். நெவில் ஏதோ டயரைப் பார்க்கிறவராகப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"இல்ல ஐலீன், வரல... பின்கட்டை வேற யாருக்காவது குடுத்துரு... ஆமா, மேற்கதான்... அவரா? இருக்காரு. டயருக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டிருக்காரு... ஒழுகல. சரி பண்ணியாச்சு... சொன்னா நம்ப மாட்டே, அவராலதான்."

காலையில் கிளம்பினார்கள். குவெண்டா வழியனுப்ப ஒரு பை நிறைய மாண்டரின் ஆரஞ்சு கொடுத்தாள். அவளுக்கு நன்றாகவே தெரியும், பூச்சி பரவக்கூடாதென்று மேற்கு மாநில எல்லையில் பழத்தையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்று. அதனால்தான் அதற்குள் தின்று தீர்க்க முடியாதபடி அவ்வளவு கொடுத்தாள்.

சாலை நேராக ஆரம்பித்தது. உண்மையிலேயே நேராகத்தான் இருந்தது. சொன்னவர்கள் ஒருத்தரும் கூட்டிச் சொல்லவில்லை. நெவில் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்தபடி பார்த்தார். திறந்த வாயில் ராஸ் ஒரு சுளையை வைத்தாள்.

"போதும் ராஸ், வயிறு நிறைஞ்சிருச்சு."

"எல்லை வரைக்கும் இன்னும் முக்கால் பை இருக்கு" என்றாள் ராஸ், அடுத்ததை உரித்துக்கொண்டே. "வாயத் திற."